நாற்பது மில்லிமீற்றர்

ஸ்ரான்லி வீதிக் கடையில் மூன்று நிற்கின்றன.
முதலாவது ஒல்லி.
"தார் எண்டால் பறக்கும்," என்கிறார் பெனடிற்,
"தார் எண்டால் மட்டும்."
இரண்டாவது மலைக்கென்று பிறந்தது,
எருமைக் கழுத்து, முன்னுக்குச் சுருள்வில்.
யாழ்ப்பாணத்தில் எங்கே அண்ணை மலை?
"கீரிமலை," என்கிறார். சிரிக்கிறோம்.

மூன்றாவதின் ஹாண்டில்
கிடாய்க் கொம்புபோல் முன்னே போய்
கீழே வளைந்து திரும்பி வருகிறது.
ஓட்டப்பந்தயக்காரன் முகம்,
ரயர் மட்டும் தோட்டக்காரன் பாதம்.
நாற்பது மில்லிமீற்றர் என்று பக்கத்தில் எழுத்து.
இதுக்கு என்ன பேர்?
"கிறவல் சைக்கிள்."

கிறவல் எங்களுக்குத் தெரியும்.
தேர்தலுக்கு முந்தின கிழமை லொறியில் வரும்,
மாரிக்குக் கரைந்து போகும்.
அதுக்கென்றே ஒரு சைக்கிளை
எங்கேயோ ஒருவன் இருந்து யோசித்திருக்கிறான்.

எனக்கு வேலை கிணறுகளோடு.
மாதம் முப்பத்தெட்டு.
கயிற்றில் மானியை இறக்கி
உப்பு எவ்வளவென்று எழுதவேண்டும்.
பண்ணையிலிருந்து தார்.
பிறகு கிறவல், பிறகு முருகைக்கல் நொறுங்கல்,
பிறகு மணல், ஒரு வேலி, ஒரு நாய்,
அதற்குப் பிறகுதான் கிணறு.
கந்தோர் மோட்டார்சைக்கிள் மூன்று பேருக்கு ஒன்று,
என் முறை புதன்.

ஆனியில் சோளகம்
பண்ணைப் பாலத்தில் நெஞ்சில் கைவைத்துத் தள்ளும்.
என் பழைய லுமாலாவில் நான் நிமிர்ந்த பாய்மரம்,
போக வேண்டியதோ எதிர்ப்பக்கம்.

கஜீபன் சொன்னான்:
உப்புக்காத்துக்கு டிஸ்க் பிறேக் நாலு மாசம்.
ரியூப் வெடிச்சால் கொழும்புக்குச் சொல்லவேணும்.
இந்தக் காசுக்கு ஸ்கூட்டி முற்பணம் கட்டலாம்.
மூன்றும் உண்மை.
நாலாவதை அவன் சொல்லவில்லை:
பொம்பிளை குனிந்து ஓடினால் சனம் பார்க்கும்.
அதையும் கொப்பியில் எழுதினேன்.
பிறகு வெட்டினேன்.

பெனடிற் ஆசனத்தை இரண்டு விரல் உயர்த்தினார்.
கழுத்தடியில் ஒரு வளையம் கூட்டினார்.
"எட்டிப் பிடியாதை பிள்ளை, முழங்கை மடியவேணும்.
எட்டவேண்டி வந்தால் இது உனக்குப் பெரிசு."
ரயரை அமர்த்திப் பார்த்துக்
கொஞ்சம் காற்று இறக்கினார்.
ஓடிப் பார்த்து வா என்றார்.

பாலத்தில் கொம்பின் கீழ்வளைவைப் பிடித்தேன்.
காற்று முதுகில் ஏறி
யாரையோ தேடிக்கொண்டு பின்னால் போனது.

அல்லைப்பிட்டியில் ஒரு ஒழுங்கை.
தார் முடிந்து முன்சில்லு இறங்கிய நொடி
உடம்பு இறுகிவிட்டது.

பத்து வயதில் படித்தது:
தாரை விட்டு இறங்காதே.
சிவப்புப் பலகை, மண்டையோடு.
வகுப்புக்கு வந்த அக்கா ஒருத்தி
தகரத்தில் செய்த பொய் மிதிவெடியைக்
கையில் தந்து, பாரமா என்று கேட்டாள்.
பேருந்து பழுதானாலும்
எல்லாரும் தாரிலேயே நின்றோம், வெயிலில்,
இரண்டடி தள்ளிப் பனைநிழல்.

பலகைகளைக் கழற்றி எத்தனையோ வருடம்.
என் முழங்கால் தன்னுடையதை
இன்னும் கழற்றவில்லைப்போல.

ரயருக்கு இதெல்லாம் தெரியாது.
அகலமாய் மண்ணில் அமர்ந்து
கறகறவென்று தின்றபடி போனது.
பனையைத் தாண்டி, வடலிகளைத் தாண்டி.
வேலியடியில் நாய்.
திரும்புவதற்கு இடம் தேடினேன்,
பிறகு ஏனோ தேடவில்லை.

ஒன்றேகால் மணி நேரம் கழித்துக் கடைக்கு வந்தேன்.
"களவெடுத்துக்கொண்டு போட்டாயெண்டு நினைச்சன்."
ஐயாயிரம் குறைத்தார்.
மண்காப்பு பிறகு தருவாராம்.
மணி?
இந்தச் சாதிக்கு மணி வாறதில்லையாம்.

வீட்டில் லுமாலாவின் மணியைக் கழற்றினேன்.
நடுத்தண்டு மொத்தம், வளையம் போதவில்லை.
கீழ்வளைவில் மட்டும் நிற்கிறது, கொஞ்சம் சரிந்து.
அடிப்பதென்றால்
குனியவேண்டும்.